மூச்சிரைப்பு

மூவர் கணவன் மனைவியராக ஒரு குடும்பமாக வாழ்வது சிறைக்குரிய குற்றம். அதனால் முகுந்தன், நிரஞ்சனா வீட்டில் செண்பகவல்லி பதினாறு ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவளாகவே பதிவாகியிருந்தாள்.

காலையில் முகுந்தன் இறந்துபோனான். நிரஞ்சனா தள்ளி நின்றே, "அக்கா, இங்க அழுதுறாதீங்க. அரசாங்கம் மாட்டிவிட்ட கைப்பட்டை உங்க நெஞ்சுத்துடிப்பைப் போலீசுக்குக் காட்டிக் குடுத்துரும். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஏன் இப்படித் துடிக்குதுன்னு ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள்.

செண்பகவல்லி வெளியே வந்து மாடிப்படி ஏறத் தொடங்கினாள். ஏறினால் நெஞ்சு துடிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். நான்காம் மாடியில் அழுகை வந்தது.

எதிரே இறங்கிவந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னம்மா, எழவு வீட்டை விட்டுட்டு எக்சர்சைஸா?" என்று முகம் சுளித்தார்.

"டாக்டர் சொல்லியிருக்காருங்க."

கீழே முகுந்தனைத் தூக்கும் அரவம் கேட்டது. நின்று பார்த்தால் துடிப்புக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.