ஸ்டாம்பு சைஸ்

நேற்று காலமான இளையபெருமாள் சாரின் அஞ்சலி பேனரில் சாரைத் தவிர வேறு யார் படமும் வரக்கூடாது என்று பூவரசன் கறாராகச் சொல்லிவிட்டான். ஜெயங்கொண்டத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அவனுக்கு டிசைன் கற்றுக்கொடுத்ததே சார்தான்.

"ஓரத்துல சின்னதா என் படம்?" என்றாள் கூடப் படித்த வெற்றிச்செல்வி.

"சார் எந்திரிச்சு வந்து திட்டுவாரு. 'செத்தவன் ஸ்டாம்பு சைஸு, அழுவுறவன் ஆளுயரம். இது அஞ்சலியா, கல்யாண ஆல்பமாடா?'ன்னு எத்தன தடவ கேட்டிருக்காரு!"

சார் படம் மட்டும் பெரிதாக, சுற்றிலும் வெள்ளை விட்டு பேனர் தயாரானது. சார் வீட்டு வாசலில் கட்டியதும் சாரின் மனைவி வேணி வந்து பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா அவரே ஒண்ணு பண்ணி வச்சிருக்காரே" என்று பென் டிரைவை நீட்டினார்.

"பாத்தியா, கடைசி வரைக்கும் ஒன்ன நம்பல" என்று சிரித்தாள் வெற்றிச்செல்வி.

கடைக்குப் போய்த் திறந்தார்கள். பேனர் முழுக்கப் பெரிய பெரிய முகங்கள். எல்லாம் அவர் மாணவர்கள், வகுப்பில் சேர்ந்த அன்று கொடுத்த பாஸ்போர்ட் போட்டோக்கள். அதில் பூவரசனுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை.

"சார் எங்கடா?"

தேடினார்கள். கீழே வலது மூலையில், ஸ்டாம்பு சைஸில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலே 'கண்ணீர் அஞ்சலி' இல்லை. 'வந்ததுக்கு நன்றி' என்று இருந்தது.

அழுகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் அடிவரியில் ஒரே ஒரு பெயர்:

'இவண்: இளையபெருமாள்.'