பாதி வெயில்

“ஆயுத பூஜையிலிருந்து உங்கள் ஊர்க் கருவி மட்டும் வெயிலைப் பாதியாகக் காட்டுகிறது. மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் விருத்தாசலத்தை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவோம்.”

டென்மார்க்கிலிருந்து ஆராய்ச்சித் தலைவர் இங்ரிட் போனில் சொன்னதைக் கனிமொழி பட்டறையில் அப்படியே சொன்னாள். பீங்கான் பொம்மைகளைச் சூரிய வெப்பத்தில் உலர்த்தும் பன்னாட்டு ஆராய்ச்சியில் இந்த ஊரைச் சேர்க்க அவள் அவ்வளவு அலைந்திருந்தாள்.

“வெயிலு மண்டையப் பொளக்குது, பாதிதானாமா?” என்றார் பட்டறை முதலாளி கொளஞ்சிநாதன். “வேணும்னா வந்து மாடியில நிக்கச் சொல்லும்மா.”

கனிமொழி மொட்டை மாடிக்கு ஓடினாள்; கொளஞ்சிநாதனும் வேலையாட்களும் பின்னாலேயே வந்தார்கள். வெயிலை அளக்கும் கண்ணாடிக் குமிழின் உச்சியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

“யாருண்ணே இதுக்குப் பொட்டு வெச்சது?”

“மெஷினுன்னா பொட்டு வெக்காம வுடுவாங்களா? காத்தவராயன்தான் சந்தனக் கிண்ணத்தோட மேல வந்தான்.”

வேலையாள் காத்தவராயன் பதறினான். “கிண்ணத்தப் புடிச்சதோட சரிங்க. வெச்சது நானில்ல. போட்டோகூட எடுத்தேன், பாருங்க.”

போட்டோவைப் பார்த்த கனிமொழி, அதை அப்படியே டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டு இங்ரிட்டை அழைத்தாள்.

“காரணம் கிடைத்துவிட்டது, மேடம். வெயில் அளக்கும் கருவியில் பொட்டு. வைத்தவரின் படமும் அனுப்பியிருக்கிறேன்.”

“ஆராய்ச்சிக் கருவியில் கை வைத்தவர் யாராக இருந்தாலும்...” என்று ஆரம்பித்த இங்ரிட், படத்தைத் திறந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

படத்தில், பூஜைக்கு விருந்தாளியாக வந்திருந்த இங்ரிட், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, நாக்கைக் கடித்தபடி அக்கறையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“துடைத்துவிடுங்கள், கனிமொழி,” என்றார் மெல்ல. “விருத்தாசலம் தொடரட்டும். படம் மட்டும் நமக்குள் இருக்கட்டும்.”