பொன்னரசி ஏன் செத்தாள்?

“பொன்னரசி செத்ததுக்கு யாருய்யா காரணம்? அது தெரியாம ஒருத்தரும் வேன்ல ஏறக் கூடாது!”

விழாக் கமிட்டித் தலைவர் நல்லகாமன் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கத்தினார். தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நாடகக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உசிலம்பட்டிக்கு முதல் டவுன் பஸ் அப்போதுதான் போயிருந்தது.

அந்த ஊரில் எந்தத் திருவிழாவுக்கும் பொன்னரசி நாடகம்தான். காதலன் செத்துவிட்டான் என்ற பொய்யை நம்பிப் பொன்னரசி விஷக் கிண்ணத்தைக் கையில் எடுப்பாள். குடிக்கப் போகும் நேரத்தில் தூதன் ஓலையோடு ஓடி வந்து, அவன் உயிரோடு இருக்கிறான் என்பான். அப்புறம் கல்யாணம், மங்களப் பாட்டு. ஊரே சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் படுக்கும். நேற்றுத் தூதன் வரவில்லை. பொன்னரசி குடித்துவிட்டாள்.

“எங்க வீட்ல இன்னும் அடுப்பு எரியல. எம் பொண்டாட்டி மாயக்காள் தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கா. ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கதான் கெடக்குறாக. அம்மன் கண்ணு முன்னால, கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளையச் சாகடிச்சுப்புட்டீகளே!”

“தலைவரே, நீங்களும் அங்கதான இருந்தீங்க?” என்றார் ஆர்மோனியக்காரர் சுருளி.

“நான் எங்கய்யா பாத்தேன்? ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தணும், போலீசுக்கு டீ வாங்கிக் குடுக்கணும். இருவது வருசமா நாடகம் நடத்துறேன், ஒரு சீன் உக்காந்து பாத்ததில்ல. வீட்டுக்குப் போனப்பறந்தான் விசயமே தெரியும். காரணமானவன ஓங் கால்ல விழ வைக்கிறேன்டின்னு ஊருக்கு முன்னால மாயக்காளுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். விழுந்துட்டு அந்த ஆளு ஊரப் பாக்கப் போகலாம். இனிமே இந்தச் சுத்துப்பட்டுல ஒரு மேடையில ஏற முடியாது. உங்க சங்கத்துக்கும் போன் போட்டுச் சொல்லிருவேன்.”

பொன்னரசியாக நடித்த நாகஜோதி தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு இதுதான் முதல் கதாநாயகி வேஷம். நன்றாகச் செய்தால் அடுத்த ஊர்களுக்கும் இவளையே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“நீதானம்மா குடிச்சவ?”

“குடிச்சது நான்தாண்ணே. ஆனா எம்புட்டு நேரந்தான் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறது? சாகப் போறேன், சாகப் போறேன்னு ஒரே பாட்டத் திருப்பித் திருப்பிப் பாடுனேன். ‘குடிக்கிறதுன்னா குடி, இல்லாட்டி எறங்கு’ன்னு கூட்டத்துல ஒரு ஆளு சத்தம் போட்டாரு. சுருளிண்ணே வேற பெட்டிய நிறுத்திட்டாரு.”

“என்னயச் சொல்லாத தாயி, எனக்குக் கை மரத்துப் போச்சு!” சுருளி துள்ளி எழுந்தார். “ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திக பாத்துட்டா வாரோம்? ஆளுக்கு ஒரு ஊர்லருந்து வந்து, மேடையிலதான் மொகத்தையே பாக்குறோம். தூதன் யாருன்னே எனக்குத் தெரியாது. வந்தானா, பஸ்ஸ விட்டானா, யாரு கண்டா?”

நல்லகாமனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துக் கட் செய்தார்.

“சிங்கப்பூர்லருந்து மகன். அப்பறம் பேசிக்கிறேன். சரி, குடிச்சது இந்தப் பிள்ளதான? அப்ப இதுதான் கால்ல விழணும். கெளம்பு தாயி.”

நாகஜோதியின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. மேடையில் செத்தபோதுகூட அவள் நிஜமாக அழவில்லை.

“பாப்பாவ விடுங்கண்ணே.”

மூலையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மேலூர் மலையாண்டி. ஒட்டு மீசையும் தலைப்பாகையும் போனதில் ஆள் பாதியாகியிருந்தார்.

“நான்தான் தூதன்.”

“நீதானா? பஸ்ஸ விட்டுட்டியா?”

“இல்லண்ணே, பொழுதோடயே வந்துட்டேன். வேசங்கட்டி, ஓலையோட மேடைக்குப் பின்னாலதான் நின்னேன்.”

“அப்பறம் ஏறுறதுக்கென்ன? தூங்கிட்டியா?”

“ஒருத்தரு கையப் புடிச்சு நிப்பாட்டிட்டாரு.”

“எவன் அவன்?”

மலையாண்டி தரையைப் பார்த்தார். “வேணாம்ணே. அவரு ஆசையாப் புடிச்சாரு, உதறிட்டு ஓட எனக்கு மனசு வரல. பெரிய மனுசன். நானே வந்து அம்மா கால்ல விழுந்துர்றேன்.”

“நீ எதுக்கு விழுகணும்? அந்தப் பெரிய மனுசன்தான் விழணும்! ஒரு பிள்ள சாகப் போற நேரத்துல தூதன் கையப் புடிச்சு வெளையாடியிருக்கான், பொழப்பத்த பய! எம் மச்சானா இருந்தாலும் சரி, கமிட்டி ஆளா இருந்தாலும் சரி, அவன மாயக்காள் கால்ல விழ வச்சுட்டுத்தான் நான் பச்சத்தண்ணி குடிப்பேன். பேரச் சொல்லு!”

மலையாண்டி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாகஜோதி அவரைக் கெஞ்சுவது போலப் பார்த்தாள்.

மறுபடியும் போன் அடித்தது. “விட மாட்டான் போல” என்று எரிச்சலோடு நல்லகாமன் அதை எடுத்தார். வீடியோ கால். சிங்கப்பூர் மகன் சிரித்த முகமாகத் தெரிந்தான். அவன் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

“அப்பா, ராத்திரி மேடைக்குப் பின்னால போன்ல எனக்குக் காட்டுனீங்களே, ஓலையும் கையுமா ஒரு மீசக்காரரு! நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவரு கைய நீங்க விடவே இல்ல. ‘அவசரம்ணே, விடுங்கண்ணே’ன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தாரு, பாவம். நேரத்துக்குப் போயிப் பொன்னரசியக் காப்பாத்திட்டாராப்பா?”

நல்லகாமன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல வந்து மலையாண்டியின் கையை மறுபடியும் பிடித்தார்.

“தம்பி… எங்க வீடு வரைக்கும் கொஞ்சம் துணைக்கு வாரியாப்பா?”