கறுப்பு ஒயர்

கறுப்பு ஒயரைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

சுட்டது.

மீட்டரை அதன்மேல் மாட்டினாள். பதினாறு ஆம்பியர்.

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கல்யாண மண்டபத்துக்குள் மூன்று லைன். மூன்றின் மின்சாரமும் திரும்பிப் போகப் பொதுவாக இந்த ஒரு நியூட்ரல் ஒயர். அதில் பெரிதாக என்ன ஓடப்போகிறது என்று மெல்லிய ஒயராக இழுத்தது அவள்தான். பந்தல்களுக்கு ஒயர் இழுக்கும் வேலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

புயல் அடித்து மூன்று நாள்; கரண்ட் இல்லாமல் ஊரே இந்த மண்டபத்தில்தான் தங்கியிருந்தது. சாலையில் மரங்கள் கிடந்தன. தடித்த ஒயர் நாளைதான் வரும்.

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஃபேன்கள், எல்லாம் முதல் இரண்டு லைன்களில்.

மூன்றாவதில் ஒரே ஒரு மெஷின். மேடையோரம் படுத்திருந்தவருக்கு ஆக்சிஜன் தருவது.

ஊரே அந்த லைனைத் தொடாமல் விட்டுவைத்திருந்தது. செல்போன்கூடச் சார்ஜ் போடவில்லை. அவரைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் பாய் விரிக்கவில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

பிளக்குக்குக் காவல்போல அவர் மனைவி குணவதி உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நாலு ஃபேனும் கிரைண்டரும் இந்த லைனுக்கு மாத்தணும்.”

“வேற எங்கயாச்சும் மாட்டு தாயி. இது இவரு மூச்சு.”

அவள் குணவதியின் கையைப் பிடித்துக் கறுப்பு ஒயரின்மேல் வைத்தாள்.

“சுடுதா? மூணு லைனும் சமமா இழுத்தா இதுல ஒண்ணுமே ஓடாதுக்கா. ஏத்தத்தாழ்வு எவ்வளவோ, அதத்தான் இது சுமக்குது. இது உருகி அறுந்துச்சுன்னா, கம்மியா இழுக்கிற லைன்லதான் வோல்டேஜ் ஏறும். முதல்ல கருகுறது உங்க மெஷின்தான்.”

குணவதி ஒயரைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. ஜெபமாக இருக்கலாம்.

பிறகு எழுந்தாள்.

“ஏ ரெஜினா! உன் புள்ளைக்குப் போட்ட ஃபேனை இங்க கொண்டாடி.”

“அண்ணனுக்குத் தொந்தரவா இருக்காதா மதினி?”

“கொண்டாங்கிறேன்ல!”

ஃபேன் வந்தது. ஃபேனோடு பிள்ளை வந்தது. பின்னால் இன்னும் மூன்று ஃபேன்கள், பாய்கள், தலையணைகள். கிரைண்டரையும் இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

மீட்டரில் பதினொன்று.

ஏழு.

இரண்டு.

மீட்டரைக் கழற்றினாள். மெஷின் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்துக் குணவதி தானாகவே ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

பாயிலிருந்து உருண்ட ரெஜினாவின் பிள்ளை படுத்திருந்தவரின் காலடியில் வந்து முட்டியது. ரெஜினா பதறி எழுந்தாள்.

அவர் கையசைத்து அவளைத் தடுத்தார்.

மூன்று நாளாக நீட்டியே கிடந்த கால்களை மெல்ல மடக்கி, இடம் விட்டார்.