வெள்ளச்சியின் கழுத்து

கிட்ட வந்து உட்காருங்கள், மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை இது.

குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது வெள்ளச்சி என்கிற ஆட்டின் கழுத்தைச் புதரிலிருந்து பாய்ந்த செந்நாய் ஒன்று கவ்விவிட்டது. எப்படியோ பிய்த்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். புண்ணும் ஆறிப்போனது. ஆனால் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தால் போதும், கழுத்து கட்டையாக விறைத்துக்கொள்ளும். இலையில் இருக்கும் ஈரத்தை நக்கி எத்தனை நாள் ஓட்டுவது? மடி வற்றி, குட்டி பாலுக்குக் கத்தியது.

“நடந்ததை வாய்விட்டுச் சொல்லுக்கா” என்றது கிளி. சொன்னாள், அழுதாள். மனசு கொஞ்சம் லேசாகத்தான் ஆனது.

“அந்தச் செந்நாய் செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன், இன்னும் என்ன பயம்?” என்றது காக்கை. அதையும் வெள்ளச்சி நம்பினாள். கழுத்துதான் நம்பவில்லை.

குளத்திலிருந்து வாத்து கரையேறி வந்தது.

“மதினி, செந்நாய் இப்போ எங்கே இருக்கு?”

“செத்துப்போச்சாமே.”

“அது காக்கா சொன்னது. உனக்கு எங்கே இருக்கு?”

வெள்ளச்சி யோசித்துவிட்டு, “இங்கே, பிடரியில” என்றாள்.

“அப்போ அங்கிருந்துதான் விரட்டணும். நாங்க சண்டை போட்டா, சிறகை நல்லா உதறிட்டுத்தான் மறுபடி நீந்துவோம். குளம்பு நாலையும் சேத்துல ஊன்றிக்கோ. நடுக்கம் வந்தா வரட்டும், அடக்காதே.”

“பார்க்கிறவங்க சிரிப்பாங்களே!”

“என் நடையைப் பார்த்து ஊரே சிரிக்குது, நான் நடக்காமலா இருக்கேன்?”

பிடரியில் கிளம்பிய நடுக்கம் முதுகு வழியாக வால்வரை ஓடியது. வெள்ளச்சி கொஞ்சம் நின்றாள், மறுபடி உதறினாள். தினமும் இப்படியே செய்ய, மூன்றாம் நாள் அவள் மூக்கு தண்ணீரைத் தொட்டது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு.

வாத்து புதர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை காவல் நின்றது.