குடும்பத்தார் மட்டும்

"உன் படகுல ராத்திரி யாரோ தூங்கறாங்க, லோவெல். இல்லேன்னு மட்டும் சொல்லிடாதே!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெர்னன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எதிரே லோவெல் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். இருவரும் முப்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு.

"தூங்கறாங்கதான். அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"சங்கத்துத் துறையில படகு நிறுத்தத்தான் இடம் வாடகைக்குக் கொடுக்கறோம். குடித்தனம் நடத்த இல்ல. ராத்திரி தங்கணும்னா குடும்பத்தார் மட்டும். பைலாவைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். குடும்பம்தான் தங்கியிருக்கு."

வெர்னன் சிரித்துவிட்டார். "யோவ், கல்யாணமே பண்ணிக்காத ஆளு நீ. அண்ணன் தம்பியும் கிடையாது. குடும்பம் எங்கேருந்து முளைச்சுது? யாருக்குக் காது குத்தறே? யாரு அது, சொல்லு."

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நீ என்னோட வா. கேபின் கதவை ஒரு தட்டு தட்டு, நீயே பாரு. அப்புறமும் காலி பண்ணச் சொன்னா, பண்றேன்."

"வந்து பாத்தா மனசு இளகிடும். அதுக்குத்தானே கூப்பிடறே?"

"ஆமா, அதுக்குத்தான். வேற போக்கிடம் இல்ல வெர்னன். குளிர் வேற வரப்போகுது."

"அதான் வரமாட்டேங்கறேன். அந்த பைலாவை எழுதினதே நான். இன்னிக்கு உனக்கு வளைஞ்சா, நாளைக்கு ஊரே வந்து நிக்கும். சனிக்கிழமைக்குள்ள படகு கிளம்பணும்."

லோவெல் வாசல்வரை போய்த் திரும்பினார். "பெத்த பிள்ளைகிட்டயே சட்டம் பேசித் துரத்தினவன் நீ. எனக்கா இறங்கி வரப்போறே?"

வெர்னனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு 'என் வீட்டில் என் சட்டம்தான்' என்று கத்தாமல் இருந்திருக்கலாம். மகன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதாவது பின்னால் ஓடியிருக்கலாம். எத்தனையோ முறை நினைத்து நொந்ததுதான். ஆனால் அது வீட்டு விஷயம், இது சங்கத்து விஷயம். காலி செய்யும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்கவில்லை. துறைக்கு நடந்தார்.

லோவெலின் இடம் வெறிச்சோடிக் கிடந்தது. லோவெல் பலகையில் உட்கார்ந்து மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"படகு எங்கே?"

"அவன்கிட்டயே கொடுத்துட்டேன். செசபீக் விரிகுடாவைத் தாண்டித் தெக்கே போறேன்னான். எந்த ஊருன்னு சொல்லல. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டானாம்."

வெர்னன் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தன் வீட்டுச் சமையலறை விளக்கு பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

"கோவிச்சுக்காதேப்பா. அடுத்த வருஷம் இந்த இடத்தை உனக்கே தரச் சொல்றேன். ஆனாலும் குடும்பம்னு என்கிட்டயே புளுகினே பாரு, அதான் வருத்தம்."

"நான் எங்கேய்யா புளுகினேன்?" லோவெல் அந்தச் சமையலறை விளக்கைக் கைகாட்டினார். "குடும்பத்தார் தங்கலாம்னு எழுதினியே தவிர, யாரோட குடும்பம்னு நீ எழுதலையே! கோடை முழுக்க அந்த விளக்கையே பாத்துக்கிட்டுக் கிடந்தான், 'எங்கப்பா ஒரு நாளாவது வந்து கதவைத் தட்டுவாரு'ன்னு."