முதல் குரல்

காரின் இரண்டு வைப்பரையும் கழற்றிக் கொண்டுவந்து கடையின் கண்ணாடி மேஜையில் போட்டார். ஒன்றில் ரப்பர் பாதியில் அறுந்து தொங்கியது. மற்றதில் ரப்பரே இல்லை.

மலையடிவாரத்து முந்தல் வரைக்கும், மழையில் கையை வெளியே நீட்டித் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்துவிட்டார். மலை ஏறும் முதல் வளைவிலேயே விளங்கிவிட்டது. இப்படிப் போனால் மேலே இருக்கும் மகளிடம் போய்ச் சேர முடியாது. பள்ளத்தில்தான் போய்ச் சேரலாம்.

டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் இந்த மழையில் மேலே வர மாட்டோம் என்றார்கள்.

திரும்பி வந்தபோது போடி பஜாரில் அந்தக் காலை நேரத்தில் திறந்திருந்தது தவமணியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றுதான்.

"வாங்கண்ணாச்சி," என்றான் தவமணி. "வெயில்ல வைப்பர் வாங்குன ஒரு மனுசன நான் இன்னும் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை.

தவமணி இரண்டு வகையை எடுத்துப் போட்டான். இரும்புச் சட்டம் வைத்தது ஒன்று. சட்டமே இல்லாமல், வில்லாய் வளைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது இன்னொன்று.

அவர் விரல் தானாக ரப்பரின் விளிம்பில் ஓடியது. ஏலக்காய் வியாபாரத்தில் பழகிய விரல். எது நல்ல சரக்கு என்று தொட்டவுடன் சொன்னது.

சொன்னதும், அந்த நல்லதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்தார்.

பஜார்க்காரன் கை அப்படித்தான் போகும். வேண்டியதை முதலில் எடுக்காதே. முதல் விலையை நம்பாதே, பாதியாக்கிக் கேள். படியவில்லையா, கடைப்படி இறங்கு. கூப்பிடுவான். முதல் குரலுக்குத் திரும்பாதே. மூன்றாவதுக்குத் திரும்பு.

இந்த பஜார்ச் சட்டத்தில்தான் அவர் வீடு கட்டினார். மகள் சௌமியாவை மலை மேல் எஸ்டேட்காரனுக்குக் கட்டிக் கொடுத்ததும் இதில்தான்.

ஆடியில் அவள் போன் செய்தாள். அடிக்கிறாருப்பா, என்றாள்.

அவர் அதைப் பாதியாக்கினார். கையை ஓங்கியிருப்பான்.

புரட்டாசியில் செய்தாள். கழுத்தப் பிடிச்சாருப்பா.

அதையும் பாதியாக்கினார். தோளைப் பிடித்திருப்பான். தீபாவளிக்கு ரெண்டு பேரும் வருவீங்கல்ல, அப்பப் பேசிக்கலாம், என்றார்.

இன்று விடியும் முன் மூன்றாவது.

இப்பவே வாங்கப்பா.

பாதியாக்க அதில் ஒன்றுமில்லை.

இவர் திரும்பப் போன் செய்தபோது அவள் போன் அணைந்திருந்தது. மாப்பிள்ளை போனும் அணைந்திருந்தது.

கையிலிருந்ததைக் கீழே போட்டார். தள்ளி வைத்ததைத் தொட்டுக் காட்டினார்.

"இதக் குடு."

தவமணி பழையதோடு சேர்த்து வைத்து அளவு பார்த்தான். "டிரைவர் பக்கம் நீளம், இருக்கு. அந்தப் பக்கத்துக்குக் குட்டை, அது பரண்மேல கிடக்கு. ஏணி போட்டு ஏறணும். ஒண்ணு போதும்லண்ணாச்சி? தனியாத்தான போறீங்க?"

"வரும்போது ரெண்டு பேருப்பா."

சொல்லிவிட்டு மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தை நழுவிவிடும் போலிருந்தது.

தவமணி ஏறினான். பெட்டி பெட்டியாய் நகர்த்தினான். தூசி தட்டினான். அவர் கூரைத் தகரத்தில் மழையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து விலை சொன்னான். ஒன்றுக்கு இரண்டாய் ஏற்றித்தான் சொன்னான். அவரிடம் நியாய விலை சொல்வது அவருக்கு மரியாதையில்லை.

அவர் பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

தவமணி அதைத் தொடவில்லை.

பஜாரில் பேரம் பேசாமல் வாங்குகிற சரக்கு ஒன்றே ஒன்று. பிணத்துக்குப் போர்த்துகிற கோடித் துணி. அதற்கு மட்டும் எந்தக் கஞ்சனும் வாய் திறக்க மாட்டான். சொன்னதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவான்.

"அண்ணாச்சி." தவமணியின் குரல் இறங்கியிருந்தது. "மேல... யாருக்கும் ஏதும்?"

அவர் மேஜையைப் பார்த்தார்.

முழு விலை. அவர் கையால், அவரே வைத்தது.

வெடுக்கென்று பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என்ன விலை சொல்ற நீ? ரப்பருக்கா, காருக்கா? பாதிக்குக் குடு."

குரலை எப்படியோ பழைய கறாரில் நிறுத்தி வைத்திருந்தார்.

தவமணி ஒரு கணம் விழித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் வைப்பர்களை அட்டைக்குள் திரும்பச் செருகினான்.

"கட்டாதுண்ணாச்சி. என் வாங்கு விலையே அதுக்கு மேல."

அழுத்தித்தான் சொன்னான். யாரும் சாகாத வீட்டுக்குச் சரக்கு விற்கிறவன் மாதிரி.

"எதிர்த்த கடையில பாதிக்குத் தர்றான்."

"எதிர்த்த கடை பூட்டியிருக்கு."

"அப்ப வேணாம்."

"உங்க இஷ்டம்."

அவர் படியிறங்கினார்.

மழை தலையில் கொட்டியது. மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. எதிரே கார், குருட்டுக் கண்ணாடியோடு.

ஒரு அடி வைத்தார். கையிலிருந்த நோட்டுகள் நனைந்து ஒட்டிக்கொண்டன.

"அண்ணாச்சி."

அந்த ஒரு குரலுக்கே திரும்பினார்.